அதிகாலை மூன்று மணி மெயிலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஓடும் சர்வர் தினமும் அதிகாலை 3.01-க்குத் தன்னைத்தானே சோதித்துப் பார்த்து, பாதுகாப்பு அறிக்கையை ரூட்டுக்கு, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்குக்கு, மெயிலாக அனுப்பும். நான் பராமரிப்புக்கு ஏற்கும் சர்வர்கள் பலவற்றில் இந்த மெயில்கள் படிக்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. எந்தக் கணக்கின் மெயில் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஏலியாஸ் கோப்பில் ரூட்டுக்கு நேரே உங்கள் முகவரியை எழுதி, நியூஏலியாசஸ் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

புதியவர்களைப் பதறவைப்பது தோல்வியடைந்த லாகின்களின் நீண்ட பட்டியல்தான். அட்மின், டெஸ்ட் என்று உங்கள் சர்வரில் இல்லவே இல்லாத பெயர்களில் நூற்றுக்கணக்கான முயற்சிகள் இருக்கும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் 22-ஆம் போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால் இது அன்றாடம் நடப்பது. பாஸ்வேர்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்எச் சாவிக் கோப்பால் மட்டும் நுழையும்படி வையுங்கள். ஆனால் ஒன்று: இந்தப் பகுதி தோல்விகளை மட்டுமே காட்டும். யாராவது உள்ளே நுழைந்திருந்தால் அது இங்கே வராது. லாகின்களைப் பதியும் ஆத் லாகைத் திறந்து, 'அக்செப்டட்' (Accepted) என்ற சொல்லைத் தேடி, அந்த வரிகளில் உள்ள ஐபி முகவரிகள் உங்களுக்குத் தெரிந்தவைதானா என்று பாருங்கள்.

யூஐடி (கணக்கின் எண்) 0 உள்ள கணக்குக்கு ரூட்டின் முழு அதிகாரம் உண்டு. அறிக்கையில் வரும் அந்தக் கணக்குகளில் ரூட்டோடு டூர் என்று ஒரு பெயர் இருக்கும். அது ஃப்ரீபிஎஸ்டியோடு வருவது, பயப்பட வேண்டாம். மூன்றாவதாக ஒரு பெயர் வந்து, அதை வைத்தது யாரென்று தெரியவில்லை என்றால், கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

நான் முதலில் படிப்பது செட்யூஐடி பகுதியைத்தான். யார் இயக்கினாலும் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் கோப்புகள் இவை. பெரும்பாலும் ரூட்டின் அதிகாரம். நேற்றைய பட்டியலுக்கும் இன்றைய பட்டியலுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிக்கை காட்டும். பழைய வரிக்கு முன்னால் கழித்தல் குறி, புதிய வரிக்கு முன்னால் கூட்டல் குறி. நேற்று அப்டேட் செய்திருந்தால் எஸ்யூ, பாஸ்டபிள்யூடி போன்ற கட்டளைக் கோப்புகள் தேதியும் அளவும் மாறி ஜோடி ஜோடியாக வரும். அது சரி. யாரும் எதையும் தொடாத நாளில் அப்படி வந்தாலோ, ஜோடியில்லாமல் கூட்டல் வரி மட்டும் நின்றாலோ விடாதீர்கள். ஏனென்றால் இன்றைய பட்டியல்தான் நாளைய ஒப்பீட்டுக்கு அடிப்படை. அந்த மாற்றம் நாளைய அறிக்கையில் வராது. ஒரே ஒரு நாள்தான் கண்ணில் படும். அதனால் சர்வரில் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் மிக அவசியம். அந்த நோட்டு இல்லாமல் இந்தப் பகுதியைப் படித்து ஒரு முடிவுக்கு வர முடியாது.

பேக்கேஜ்களில், அதாவது சர்வரில் நிறுவிய மென்பொருள்களில், பாதுகாப்புக் குறை என்று வந்தால் யாரோ புகுந்துவிட்டதாக அர்த்தமில்லை. புதிய பதிப்பு இருந்தால் ஏற்றுங்கள். இல்லையென்றால் அந்தச் சேவை வெளியுலகுக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் மூடி வையுங்கள்.

மெயில் வராத நாளும் கவனிக்க வேண்டிய நாள்தான். டிஸ்க் நிரம்பியிருக்கலாம், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் நின்றிருக்கலாம், யாராவது நிறுத்தியும் இருக்கலாம். ரூட் அதிகாரம் கைக்கு வந்த ஒருவரால் அறிக்கையையே திருத்த முடியும். அதனால் லாக்குகளை சிஸ்லாக் என்ற லாக் பதிவுச் சேவை வழியாக வேறொரு சர்வருக்கும் அனுப்புங்கள். அந்த சர்வருக்கு வேறு பாஸ்வேர்ட், வேறு சாவி இருக்கட்டும்.