குறி தவறினால் கண்ணாடியை மட்டும் குறை சொல்லாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண் பரிசோதகர் நான். செம்பனைத் தோட்டங்களில் காவலுக்கு நிற்கும் துணைப் போலீஸ்காரர்கள், துப்பாக்கி சுடும் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்று பலர் ஒரே குறையோடு வருகிறார்கள். "சார், குறி பார்த்தா அட்டை மங்கலா தெரியுது. பவரை மாத்திக் கொடுங்க."

பரிசோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் பவர் சரியாகவே இருக்கும். கைத்துப்பாக்கியில் குறி பார்க்கும்போது, சுட வேண்டிய இலக்கான அட்டை மங்கலாகத்தான் தெரிய வேண்டும். இதை யாரும் சொல்லித் தராததால் புதியவர்கள் வீணாகக் கவலைப்படுகிறார்கள், வீணாகச் செலவும் செய்கிறார்கள்.

துப்பாக்கியின் மேல் நம் பக்கம் இருக்கும் பள்ளமான பின்குறி, முனையில் நிற்கும் முன்குறி, எதிரே இருக்கும் அட்டை மூன்றும் வெவ்வேறு தூரத்தில் இருக்கின்றன. நம் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். அந்தத் தெளிவை முன்குறிக்குக் கொடுங்கள். காரணம் சின்னக் கணக்குதான். இரண்டு குறிகளுக்கும் நடுவே 16 செண்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்குறி பின்குறியின் பள்ளத்தில் 1 மில்லிமீட்டர் விலகி நின்றால், 15 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் குண்டு 9 செண்டிமீட்டருக்கு மேல் விலகிப் போகும். அதுவே, இரண்டு குறிகளும் ஒழுங்காகச் சேர்ந்திருந்து, கை மொத்தமும் சாயாமல் 1 செண்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், அட்டையிலும் அந்த 1 செண்டிமீட்டர்தான் விலகும். ஆகவே "கை ஆடுது" என்று பயப்பட வேண்டாம். கை எல்லாருக்கும் ஆடும். குறிகள் ஒன்றையொன்று விட்டு விலகாமல் இருப்பதுதான் முக்கியம்.

அப்படிச் சேர்ந்து நிற்கும் குறிகளைக் கலைப்பது பெரும்பாலும் விரல்தான்.

காவலர்கள் வைத்திருக்கும் ரிவால்வர் ஒரு கிலோ கூட இருக்காது. துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியலை முதலில் இழுத்து வைக்காமல் நேரடியாக விசையை இழுத்தால், விரலுக்கு 4, 5 கிலோ பலம் தேவைப்படும். துப்பாக்கியின் எடையைவிட இழுக்கும் பலம் பல மடங்கு அதிகம். கொஞ்சம் வெடுக்கென்று இழுத்தாலும் முனை திரும்பிவிடும். இதோடு வெடிச்சத்தத்தை எதிர்பார்க்கும் உடம்பு, குண்டு கிளம்பும் முன்னாலேயே மணிக்கட்டைக் கீழே அழுத்துகிறது, கண்ணையும் மூடிவிடுகிறது. சுட்டவருக்கு இது தெரியவே தெரியாது. "சரியாத்தானே பார்த்தேன்" என்பார், உண்மையாகவே.

இதைக் காட்டிக்கொடுக்க ஒரு பழைய முறை உண்டு. பயிற்சித் தளத்தில், பயிற்றுநர் முன்னிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். நான் பார்த்தபோது, பயிற்றுநர் ரிவால்வரைத் தானே வாங்கி, சில அறைகளில் தோட்டா போட்டு, சிலவற்றைக் காலியாக விட்டு, உருளையைச் சுற்றிக் கொடுத்தார். வாங்கிய அண்ணனுக்கு எது காலி என்று தெரியாது. முதல் குண்டு வெடித்தது. அடுத்தது வெறும் 'டிக்'. சத்தமும் இல்லை, உதைப்பும் இல்லை, ஆனால் முனை மட்டும் நன்றாகக் கீழே குனிந்தது. அட்டையில் அவருடைய ஓட்டைகளும் கீழேதான் இருந்தன. புதுக் கண்ணாடிக்கு அங்கே வேலையே இல்லை. அப்புறம் மெதுவாக, ஒரே சீராக விசையை இழுக்கப் பழகினார்.

பிள்ளைகளுக்கு, காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் நல்ல ஆரம்பம். சத்தமும் உதைப்பும் குறைவு, விசை அரை கிலோவிலேயே விடும். மன்னிக்காத விளையாட்டும்கூட, பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். ஆனால் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏர் பிஸ்டலுக்கும் உரிமம் வேண்டும். போலித் துப்பாக்கிகளும் அந்தச் சட்டத்துக்குள் வரும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வீட்டில் பழகாதீர்கள், கிளப் மூலமாகவே போங்கள்.

சரி, கண்ணே காரணமாக இருப்பது எப்போது? நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்துவிடும். கையை நீட்டிப் பிடித்தால் முன்குறி பொதுவாக 60, 70 செண்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். படிக்கும் கண்ணாடி அதைவிடக் கிட்டத்துக்கானது. தூரக் கண்ணாடியில் முன்குறி தெளிவாகத் தெரியாது. தூரம், கிட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸான புரொகிரசிவ் லென்ஸ் போட்டவர்களோ கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க முகத்தை அண்ணாந்துகொள்வார்கள், கழுத்து இறுகும், ஒவ்வொரு முறையும் தலை வேறு இடத்தில் நிற்கும். இவர்களுக்கு முன்குறியின் தூரத்துக்கென்றே ஒரே பவரில் தனிக் கண்ணாடி செய்யலாம். பாலிகார்பனேட் லென்ஸாக, பக்கமும் மறைக்கும்படி கேளுங்கள், சிதறல் கண்ணில் படாது. அதை வண்டி ஓட்டப் போடாதீர்கள்.

எந்தக் கண் முன்நிற்கும் கண், அதாவது குறி பார்க்க மூளை அதிகம் நம்பும் கண், என்பதையும் பாருங்கள். இரு கைகளையும் நீட்டி, நடுவில் சிறு ஓட்டை விட்டு, சுவரிலுள்ள கடிகாரத்தை இரு கண்ணையும் திறந்தபடி அதன் வழியே பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது கடிகாரம் மறைகிறதோ அதுதான். வலது கைக்காரருக்கு இடது கண் முன்நின்றால் பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள், கைத்துப்பாக்கியைக் கொஞ்சம் இடது பக்கம் கொண்டுவந்தாலே சமாளிக்கலாம்.

காதுக்கும் கவசம் போடுங்கள். துப்பாக்கிச் சத்தத்தால் நிரந்தரமாகப் போன கேட்கும் திறன் திரும்புவதில்லை.

கண் பரிசோதனைக்கு வரும்போது தயவுசெய்து துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டாம். பயிற்சித் தளத்தில், தோட்டா இல்லை என்று பயிற்றுநர் பார்த்து உறுதி செய்த பிறகு, வழக்கம்போல நின்று பிடியுங்கள். அவர் பக்கவாட்டில் நின்று, கண்ணிலிருந்து முன்குறி வரை நாடாவால் அளக்கட்டும். அந்த ஒரு எண்ணை எழுதிக்கொண்டு வந்தால் போதும், லென்ஸை அதற்கேற்ப நாங்கள் பார்த்துக்கொள்வோம்.