தூக்கிய காலைக் கீழே வைக்கும் நேரம்

ஏப்ரல் சுற்றுலாப் பருவகாலம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், நுவரெலியா கிரகரி வாவிக் கரையில், மட்டக்குதிரை ஒன்றின் முன்காலைத் தூக்க இளைஞர் ஒருவர் முயன்றுகொண்டிருந்தார். அது கண்ணின் வெள்ளை தெரிய மிரண்டு காலைப் பிடுங்கியது. அவர் விட்டார், மறுபடி பிடித்தார், அது மறுபடி பிடுங்கியது. பக்கத்தில் நின்ற மூத்த குதிரைக்காரர், "தம்பி, அது உதறுறப்ப விடாத. கால லேசா விட்டுக்குடுக்கும் பாரு, அப்ப நீயே கீழ வச்சிரு" என்றார். லாடம் அடிப்பவர் வரும் நாளுக்காகக் குதிரையைப் பழக்குவதன் நுட்பம் பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

குதிரை, ஓடித் தப்பியே பிழைத்துவந்த விலங்கு. காலை ஒருவர் பிடித்துக்கொண்டால் அதற்கு ஓட்டம் இல்லை. தலையின் இரு பக்கமும் கண்கள் இருப்பதால் அது தன்னைச் சுற்றி ஏறத்தாழ 350 பாகை அளவுக்குப் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதன் கண்ணுக்கு எட்டுவதில்லை. உடல் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்கால்களே தாங்குவதால், ஒரு முன்காலைத் தூக்கும்போது அது எடையை முன்கூட்டியே மற்றக் கால்களுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு அவகாசம் தராமல் இழுத்தால் தடுமாறும், தடுமாறினால் பிடுங்கும். 'முரட்டுக் குதிரை' என்று பெயர் வாங்கிய பல குதிரைகள் உண்மையில் சமநிலை தவறிய குதிரைகளே என்பது என் எண்ணம். முட்டி வலியுள்ள வயதான குதிரையும் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஆகவே பழக்கத் தொடங்குமுன் மிருக வைத்தியரிடம் காட்டிவிடுவது நல்லது.

தன் மேலுள்ள அழுத்தம் எந்தக் கணத்தில் நீங்குகிறதோ, அந்தக் கணத்துக்குச் சற்று முன்பு தான் செய்ததையே குதிரை பாடமாக எடுத்துக்கொள்கிறது. உதறியதும் கை விலகினால், உதறுவதே வழி என்று அது கற்றுக்கொள்ளும். கால் தளர்ந்திருக்கும்போது கை விலகினால், தளர்வதைக் கற்றுக்கொள்ளும். அதனால் முதல் நாளில் ஒரு நொடி தூக்கினாலும் போதும், அது பிடுங்க நினைப்பதற்குள் நாமே கீழே வைத்துவிட வேண்டும். அடுத்த நாட்களில் மூன்று நொடி, பத்து நொடி என நேரத்தை நீட்டலாம். ஆபத்தாகத் துள்ளினால் மல்லுக்கட்டாமல் விட்டுவிட்டு, அதற்கு எளிதாக இருந்த முந்தைய படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

தொடக்கத்தில் கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் சொறிந்துகொடுக்க வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு தணியும். பின் கையை எடுக்காமல் தோள் வழியாகக் கால்வரை வழித்துச் செல்ல வேண்டும். பின்கால்களில் தொட்டால் உதைக்கும் குதிரைக்கு, நீண்ட குச்சியின் முனையில் பஞ்சு அடைத்த கையுறையைக் கட்டி, எட்ட நின்றே தடவிப் பழக்கலாம்.

குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போன்றது, அதில் நரம்பு கிடையாது. சரியாக அடித்த ஆணி அந்தச் சுவருக்குள் மட்டுமே செல்வதால் வலிப்பதில்லை. மிரட்டுவது தட்டும் ஓசையும், எலும்புவரை எட்டும் அதிர்வும், அரத்தின் உராய்வும், சூடான லாடத்தை வைக்கும்போது எழும் புகையும்தான். இவற்றை முன்கூட்டியே, சிறிய அளவில், தீனியோடு சேர்த்து அறிமுகப்படுத்த வேண்டும்: தூக்கிய குளம்பை விரலால் தட்டுவது, பிறகு சிறு கல்லால், பிறகு சுத்தியலின் பிடியால்.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை வளரும் என்பதால், 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை லாடம் அடிப்பவர் வரவேண்டியிருக்கும். மலைநாட்டில் மழைக்காலம் முழுதும் தரை சதசதவென்றிருப்பதால், குளம்பின் அடியிலுள்ள முக்கோண மெத்தை அழுகி நாற்றமெடுக்கக்கூடும். தினமும் காலைத் தூக்கிச் சேறு எடுப்பது அதைத் தடுக்கும், குதிரைக்குப் பயிற்சியாகவும் அமையும்.

லாடம் அடிப்பவர் வரும் நாளில் குதிரையைச் சற்று நடத்தி, வழுக்காத இடத்தில் நிறுத்த வேண்டும். தலைக்கயிற்றைப் பிடிப்பவர், லாடம் அடிப்பவர் வேலை செய்யும் அதே பக்கத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் குதிரை துள்ளினாலும் தலையைத் தன் பக்கம் இழுத்து, அதன் பின்பாகத்தை அவரிடமிருந்து விலக்க முடியும். மட்டக்குதிரைக்கு உயரம் குறைவு என்பதால் காலைத் தாழ்வாகவும், உடலுக்கு ஒட்டியும் பிடிக்கும்படி அவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு காலையும் முடித்த பிறகு பொத்தென்று போடாமல், குளம்பு தரையைத் தொடும்வரை கையிலேயே வைத்திருந்து இறக்குமாறும் கேட்டுக்கொள்ள வேண்டும்.