பழைய சுண்ணாம்பு வீடு: வாங்கும் முன் தண்ணீரின் வழியைப் பாருங்கள்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் விலைக்கு வரும் எண்பது, நூறு வருடத்து வீடுகளில் திண்ணையையும் முற்றத்தையும் தேக்குத் தூணையும் பார்த்ததுமே மனசு விழுந்துவிடும். ஆனால் விலை பேசுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. அந்த வீட்டுக்குள் தண்ணீர் எந்த வழியாக நுழைகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது? சிமெண்ட் கட்டடம் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கப் பார்க்கும். சுண்ணாம்புக் கட்டடம் கொஞ்சம் குடித்துவிட்டு, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். இந்த வீடுகளில் காணும் பழுதுகளில் பெரும்பாலானவை, அப்படி வெளியேறும் வழியை யாரோ அடைத்ததால் வந்தவை.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு போய், சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் அது கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் சுவரில் பூசினால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. இது வெளிப்புறத்தில் தொடங்கி உள்நோக்கிப் போகும் வேலை, தடித்த சுவரில் வருடக்கணக்கில் நடக்கும். உள்ளே கல்லாகாமல் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்பு, மழை ஈரத்தில் கரைந்து மயிரிழை விரிசல்களுக்குள் வந்து படிந்து, அவற்றை அடைத்தும் விடுகிறது. இப்படித் தன் விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும் குணம் சிமெண்டில் மிகக் குறைவு.

சுவர் எதனால் ஆனது என்று அறிய ஒரு சாவி போதும். பூச்சு பெயர்ந்த இடத்தில் செங்கல் இடுக்குக் கலவையைச் சுரண்டுங்கள். வெள்ளையாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் சாவியையே வழுக்கவிட்டால் சிமெண்ட். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூச்சு இருந்தால் அங்கே நின்று கவனமாகப் பார்க்க வேண்டும்.

தரையிலிருந்து ஈரம் செங்கல்லின் நுண்துளை வழியாக மேலே ஏறுவதைத்தான் ஓதம் என்கிறோம். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஓரடி, இரண்டடி உயரத்திலேயே ஈரம் ஆவியாகிவிடும். சிமெண்ட் பூச்சோ பளபளக்கும் பெயிண்டோ டைல்ஸோ அந்த வழியை மூடினால், ஆவியாக இடமில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். மண்ணிலிருந்து அது கொண்டுவந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பொரித்துத் தள்ளும். வெளியே பார்க்க டைல்ஸ் ஜோராக இருக்கும், பின்னால் செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். கூடத்தில் நான்கடி உயரத்துக்கு மட்டும் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தால், அழகுக்காக ஒட்டியது என்று நம்பிவிடாதீர்கள். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். ஓட்டைச் சத்தம் வருமிடம் பிடிப்பு விட்ட இடம்.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று சந்தேகம் வந்தால் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் துளி இருந்தால் சுவர் ஈரம், வெளிப்பக்கம் இருந்தால் காற்றின் ஈரம்.

இனி மாடி. இந்த வீடுகளின் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். இதற்கு ஐ.எஸ். 2119 என்று தனி இந்தியத் தரநிலையே உண்டு. சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் 6-க்கு 3-க்கு 1 அங்குலம் அளவுள்ள சின்னச் செங்கற்கள், படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, கட்டைகளுக்குக் குறுக்குச் சாய்வாக அடுக்கப்படும். அறையின் ஒரு மூலையில் தொடங்கும் கொத்தனார் ஒவ்வொரு கல்லிலும் கலவை தடவி, முந்தைய வரிசையோடு அழுத்தி ஒட்டிக்கொண்டே போவார். கல் மெல்லியது, கலவை அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், அதனால் அடியில் சென்டிரிங், அதாவது தற்காலிகத் தாங்கு பலகை, எதுவும் தேவைப்படாது. எல்லா வரிசையும் சேர்ந்து இறுகியதும் அது கட்டைக்குக் கட்டை தாங்கி நிற்கும் ஒரே பலகை.

அதன்மேல் 3, 4 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள், நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளிப்பார்கள். வெல்லத்திலுள்ள சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரையவைக்கிறது. அடித்து இறுக்கியதில் காற்றிடம் போய்விடும். அதற்கு மேல் தட்டையான ஓடுகள் பதிப்பார்கள். எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 350 முதல் 400 கிலோ வரை வரும். அத்தனையும் தேக்குக் கட்டையின் இரண்டு முனைகளில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே முனைகளைப் பாருங்கள். கட்டையின் நடுப்பகுதி நாற்பது வருடம் கழித்தும் இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் புதைந்த ஐந்தாறு அங்குலம்தான் உளுத்துப்போகும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடுகிறது. மேலே கைப்பிடிச் சுவரோரம் தண்ணீர் தேங்கினால், அது சுவருக்குள் இறங்கி முதலில் நனைப்பது இந்த முனையைத்தான். ஓர் ஏணியும் கூரான ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டையையும் சுவரைத் தொடும் இடத்தில் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் முனை கால் அங்குலம்கூட இறங்காது. வெண்ணெய் மாதிரி இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. கட்டையோரமாகச் சுவரில் மண்கோடு ஏறியிருந்தால் கரையான். தேக்கின் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தை, கரையான் எளிதில் தொடாது, ஆனால் வெளிறிய ஓரப்பகுதியையும் நாட்டு மர ஜன்னல் சட்டங்களையும் விடாது.

பிறகு கட்டையின் அடியில் நூல் பிடியுங்கள். 12 அடி நீளத்துக்கு அரை அங்குலத் தொய்வு வயதான மரத்தில் வருவதுதான். ஓர் அங்குலத்தைத் தாண்டினால் பழைய கட்டடங்களில் பழக்கமுள்ள பொறியாளர் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். ஓரிரு கட்டை கெட்டிருந்தால் பயப்பட வேண்டாம். இருபக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டு, கெட்ட முனையை அறுத்து இரும்புத் தகடு வைத்து ஒட்டுப்போடலாம், அல்லது பக்கத்தில் புதுக் கட்டை சேர்க்கலாம். சுவர்க்குழியில் கட்டையைச் சுற்றிக் கொஞ்சம் காற்றிடம் விடச் சொல்லுங்கள். அங்கே சிமெண்டை வைத்து அடைத்தால் புது முனையும் ஈரத்தில் ஊறிக் கெடும்.

மேலே ஏறினால் பார்க்க வேண்டியது சாய்வு. 10 அடிக்கு 2 அங்குலமாவது வேண்டும். நான்கு குடம் தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் குழாய்க்கு ஓட வேண்டும். ஒழுகலை நிறுத்த மேலே 2 அங்குல கான்கிரீட் போட்டிருப்பார்கள். 10-க்கு 12 அடி அறை என்றால் அது மட்டும் 1,300 கிலோ கூடுதல் பாரம். ஒழுகலும் நிற்காது. வெயிலில் கான்கிரீட்டும் அடியிலுள்ள சுண்ணாம்பும் ஒரே அளவில் விரிவதில்லை, இடுக்கில் நுழைந்த தண்ணீருக்கு மேலே போக வழியும் இல்லை. 1,000 லிட்டர் தொட்டி என்பது ஒரு டன். அது கட்டைகளின் நடுவில் உட்கார்ந்திருந்தால் முதல் வேலையாகச் சுவருக்கு மேல் நகர்த்த வேண்டும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்கினால் போதாது. வேர்வரை கல்லைப் பிரித்து எடுத்துத் திரும்பக் கட்ட வேண்டும்.

வெளியே வந்தால் சாலை. தார் மேல் தார் போட்டுப் பல தெருக்கள் வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்டன. கண்மதிப்பு ஏமாற்றும். கொத்தனாரின் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய்) முற்றத்தின் தரைக்கும் சாலை நடுவுக்கும் வித்தியாசம் எடுங்கள். சாலை உயரமாக இருந்தால் முற்றத்துத் தண்ணீர் தானாக வெளியேறாது, மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். அந்த ஈரமெல்லாம் சுவரின் காலில்தான் சேரும்.

பக்கத்து மனையில் அடுக்குமாடிக்கு ஆழத் தோண்டுகிறார்களா என்றும் விசாரியுங்கள். மணற்பாங்கான நிலத்தில் தண்ணீரை இறைத்துக்கொண்டே தோண்டினால், ஆழமில்லாத பழைய அஸ்திவாரம் இறங்கக்கூடும். சாய்வான விரிசல் இருந்தால் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது.

மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் எப்படி இருந்தாலும் முழுசாக மாற்றத்தான் வேண்டும், அதைக் கணக்கில் போட்டுவிடுங்கள். பத்திரத்தில் மயிலாப்பூருக்கென்று ஒரு கேள்வி உண்டு: மனை சொந்தமா, கோயில் அடிமனையா? அடிமனை என்றால் நீங்கள் வாங்குவது கட்டடத்தை மட்டும்தான்.

வாங்கிய பின் சுவரைச் சரிசெய்ய, சிமெண்ட் பூச்சை உளி கொண்டு மெதுவாகக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு மழையில்லாத பருவம் முழுக்கச் சுவரை வெறுமனே காயவிடுங்கள். உப்பு வெளியே பூக்கும். அதைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுபடி உள்ளே போய்விடும். பிறகு வாரக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஈரச் சாக்கு தொங்கவிட்டுக் குறைந்தது ஒரு வாரம் காக்க வேண்டும். மேலே வெள்ளையடிப்பதும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும்.

வீட்டைப் பார்க்க ஏற்ற காலம் ஐப்பசி, கார்த்திகை. கோடையில் மட்டுமே பார்க்க முடிந்தால், எந்தச் சுவருக்கு மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தச் சுவரில் பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள்.