காந்தாரம் இல்லாத வெட்டவெளி

பழைய கௌபாய் படம் ஒன்றை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மலையும் தெரியாது, குதிரையும் தெரியாது. ஆனாலும் ஆர்கெஸ்ட்ரா தொடங்கிய சில நொடிகளில் 'இடம் ரொம்பப் பெரிசு' என்று காதுக்குப் புரிந்துவிடும். ஓசைக்கு ஏது நீள அகலம்?

பதிலில் பாதி நம் தம்புராவிலேயே இருக்கிறது. தம்புரா வழக்கமாக ஸ (ஷட்ஜம்), ப (பஞ்சமம்) என்ற இரண்டு சுரங்களை மட்டும் மீட்டுகிறது. அதன்மேல் கல்யாணி ராகமும் பாடலாம், தோடி ராகமும் பாடலாம். இரண்டுக்கும் நடுவிலுள்ள 'க', அதாவது காந்தாரம், வந்த பிறகுதான் ராகத்தின் முகம் தெரியும். மேற்கத்திய இசையிலும் அதே கதைதான். ஸ-பவுக்கு நடுவே சற்று உயர்ந்த 'க'வான அந்தர காந்தாரத்தை வைத்தால் சந்தோஷச் சாயலுள்ள மேஜர், சற்றுத் தாழ்ந்த சாதாரண காந்தாரத்தை வைத்தால் சோகச் சாயலுள்ள மைனர். இரண்டையும் வைக்காமல் விட்டால்? சந்தோஷமா சோகமா என்று தீர்மானிக்க முடியாமல் காது காத்திருக்கும். வெட்டவெளியாகக் கேட்பது அந்தக் காலியிடம்தான்.

ஸவும் பவும் இவ்வளவு ஒட்டிப்போவதற்குக் கணக்கு உண்டு. ஃபிடிலில் (வயலின்தான்) 'ஏ' கம்பி 440 ஹெர்ட்ஸ் என்றால், அடுத்த 'ஈ' கம்பி 660. எந்தக் கம்பியும் தன் அதிர்வெண்ணின் மடங்குகளையும் சேர்த்தே ஒலிக்கும். 440இன் மூன்று மடங்கு 1320. 660இன் இரண்டு மடங்கும் 1320. இப்படி மடங்குகளாக எழும் மேற்சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்காருவதால் உரசலே இல்லை.

ஃபிடிலின் நான்கு கம்பிகளுக்கும் இதே பஞ்சம இடைவெளிதான். அமெரிக்க கிராமத்து ஃபிடில்காரர்கள் மெட்டை ஒரு கம்பியில் வாசித்துக்கொண்டே பக்கத்துக் கம்பியையும் வில்லால் சேர்த்து இழுப்பார்கள். அப்புறம் காலியான பஞ்சமம் கேட்காமல் இருக்குமா? இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்ட் இதை ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொண்டுவந்தார். 1942இல் வந்த அவருடைய 'ரோடியோ' பாலேயில் 'ஹோ-டவுன்' பகுதி, ஃபிடில்காரர்கள் சுருதி சேர்ப்பது போலவே தொடங்கும். பிறகு ஒரு பழைய ஃபிடில் மெட்டு பாய்ந்து வரும். கீழே கனமான சுரங்கள், உச்சியில் வயலின்கள், நடுவில் அதிகம் எதுவும் வைக்காமல் விடுவது அவருடைய இன்னொரு வழக்கம். இத்தனைக்கும் மனிதர் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து வளர்ந்தவர்!

ஹாலிவுட் இந்த வழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1960இல் 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' படத்துக்கு எல்மர் பெர்ன்ஸ்டீன் போட்ட இசைதான் இதன் உச்சம். அந்தப் படத்தில் குதிரைகளைவிட இசை வேகமாக ஓடுகிறது என்பது என் கட்சி.

எல்லாரும் இப்படிப் பிரம்மாண்டமாகப் போகவில்லை. 1952இல் 'ஹை நூன்' படத்துக்கு திமித்ரி தியோம்கின் வயலின்களையே ஒதுக்கிவிட்டார். டெக்ஸ் ரிட்டர் குரலில் ஒரே ஒரு எளிய பாட்டு. அதன் மெட்டுதான் படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். பாட்டுக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனியாக ஆஸ்கர் கிடைத்தது.

வெட்டவெளியை விட்டுவிட்டு மனிதனின் வாய்க்குள்ளேயே போனவர் ரோமாபுரிக்காரர் என்னியோ மோரிகோனி. 1965இல் வந்த 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' படத்தின் தொடக்க இசையில் விசிலுக்கு நடுவே 'ட்டொய்ங்' என்று ஒன்று குறுக்கிடும். வேறொன்றுமில்லை, நம் கச்சேரிகளில் வரும் மோர்சிங்கின் சொந்தக்காரன்தான்; சிசிலித் தீவில் அதன் பெயர் மர்ரான்சானோ. அதன் உலோக நாக்கு எப்போதும் ஒரே சுருதியில்தான் அதிரும். வாயின் வடிவத்தை மாற்ற மாற்ற, அந்த அதிர்வுக்குள் ஒளிந்திருக்கும் மேற்சுரங்களில் ஒவ்வொன்றாக எடுப்பாகக் கேட்கும். தம்புராவின் ஓசையைப் பெருக்க அதன் குடம் இருப்பது போல, இதற்கு வாசிப்பவரின் வாய்தான் குடம். அந்தப் படத்தின் இயக்குநர் செர்ஜியோ லியோனி, மலையைக் காட்டிய கையோடு ஒரு முகத்தைத் திரை முழுக்கக் காட்டுபவர். வியர்வை, தாடி, இமைக்காத கண். அந்த முகத்துக்குப் பின்னால் நூறு வயலின் எடுபடுமா?