கேடன்ஸ்: தமிழில் மிதிவீதம்

"அண்ணே, ஏத்தத்துல மோட்டர் உறுமுது, ஆனா இழுக்க மாட்டேங்குது. பேட்டரியும் சட்டுனு இறங்கிடுது." மிட்-டிரைவ் (பெடல் அச்சில் மோட்டர் பொருத்திய) மின்சைக்கிளைச் சிங்கப்பூரின் ஃபேபர் மலைச் சாலையில் ஏற்றிப் பார்த்துவிட்டு இப்படி வந்து நிற்பவரிடம், விவரம் தெரிந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே கேட்பார்: "எந்த கியர்ல ஏறுனீங்க? கேடன்ஸ் எவ்வளவு இருந்துச்சு?"

பெடல் ஒரு நிமிடத்தில் எத்தனை முழுச் சுற்று சுற்றுகிறது என்ற கணக்குதான் கேடன்ஸ். வலது கால் கீழே இறங்குவதை 15 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்கினால் வந்துவிடும், கருவியே வேண்டாம். வண்டி ஓடும் வேகத்துக்கும் இதற்கும் நடுவில் கியர் இருக்கிறது. அதனால் இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

லத்தீனில் 'காதெரே' என்றால் விழுதல். அதிலிருந்து இத்தாலிய மொழியின் 'காதென்சா' வந்தது. வாக்கியம் முடியுமிடத்தில் குரல் இறங்குவதையும், இசைத்தொடர் அடங்கி முடிவதையும் முதலில் குறித்த சொல், பின்னர் பேச்சின் சந்தத்தையும், அணிவகுப்பில் காலடி விழும் சீரையும் சுட்டியது. சைக்கிளோட்டிகள் அதைப் பெடலுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

தமிழில் 'மிதிவேகம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேகம் என்றதும் கிலோமீட்டர்தான் நினைவுக்கு வரும். 'மிதிச்சந்தம்' மூலச்சொல்லுக்கு நெருக்கமானது, காதுக்கும் இனியது. ஆனால் 'சந்தம் 80' என்று யாரும் சொல்லப்போவதில்லை. 'மிதிவீதம்' பொருந்துகிறது. இதயத் துடிப்பு வீதம் என்று ஏற்கெனவே சொல்கிறோம், எண்ணும் இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு: கியர் விகிதம், மிதிவீதம் என்று இரண்டையும் அருகருகே வைத்துக் குழப்பமில்லாமல் பேசலாம். கியர் கியராகவே இருக்கட்டும். 'பல்லிணை' நல்ல சொல்தான், ஆனால் கடையில் எடுபடாது.

சாதாரண சைக்கிளில் மிதிவீதம் முழங்காலைப் பற்றிய விஷயம். மிட்-டிரைவில் அது மோட்டரின் உயிர். சக்கரத்தின் நடுவில் மோட்டர் இருக்கும் வண்டி சங்கிலியைக் கேட்காமல் தானே சுழலும். மிட்-டிரைவ் மோட்டரோ பெடல் அச்சில் உட்கார்ந்து, உங்கள் காலோடு சேர்ந்து அதே சங்கிலியைத்தான் இழுக்கிறது. கால் மெதுவாகச் சுழன்றால் மோட்டரும் மெதுவாகவே சுழலும். 250 வாட்டை நிமிடத்துக்கு 80 சுற்றில் கொடுக்க, பெடல் அச்சில் சுமார் 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். 40 சுற்றில் அதே 250 வாட்டுக்கு 60 வேண்டும். முறுக்குவிசை இரட்டித்தால் மின்னோட்டமும் ஏறக்குறைய இரட்டிக்கும். கம்பிச் சுருளில் சூடு நான்கு மடங்காகும். அந்த உறுமல் இதனால்தான். சங்கிலியின் இழுவையும் இரட்டிப்பதால் அதுவும் பல்சக்கரங்களும் சீக்கிரம் தேயும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரை இறக்கி, மிதிவீதத்தை 70, 80 அளவில் வைத்துக்கொண்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணைய விதிப்படி மின்சைக்கிளின் மோட்டர் 250 வாட்டைத் தாண்டக் கூடாது, 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவியை நிறுத்திவிட வேண்டும், வண்டியின் எடையும் 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும். (முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி வைத்த மின்-மலைசைக்கிள்கள் பல இந்த எடையைத் தாண்டிவிடும். வெளிநாட்டிலிருந்து ஆசையாக வரவழைப்பவர்கள் முதலில் எடையைப் பாருங்கள்.) முன்னே 34 பல், பின்னே 10 முதல் 51 பல் வரை 12 பல்சக்கரங்கள், 29 அங்குல டயர் என்று வைத்துக்கொள்வோம். 10 பல்லில் 25 கிலோமீட்டரைத் தொடும்போது மிதிவீதம் வெறும் 53. அதே வேகத்தில் 14 பல்லில் 75, 16 பல்லில் 85. ஆக, பூங்கா இணைப்புப் பாதையின் சமதளத்தில்கூட மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு வேலையே இல்லை. பெரிய 51 பல்லில் 80 சுற்று மிதித்தால் வண்டி 7 கிலோமீட்டர் சொச்சத்தில் போகும். செங்குத்தான ஏற்றத்துக்கு அதுதான் கியர்.

விளம்பரங்களில் வரும் 'கேடன்ஸ் சென்சார்' என்ற பெயரும் குழப்பும். விலை குறைந்த பல வண்டிகளில் அது பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் பார்த்து மோட்டரை ஓட விடும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அதைப் 'பெடல் சுழற்சி உணரி' என்றும், அழுத்தத்தை அளப்பதை 'முறுக்குவிசை உணரி' என்றும் பிரித்துச் சொல்வது நல்லது. மலைப்பாதைக்கு இரண்டாவது இல்லாத வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிதிவீதம் சரியாக இருந்தும் சங்கிலி 'டக் டக்' என்று தாண்டினால், கியர் மாற்றும்போது கால் அழுத்தத்தை அரைச் சுற்றுக்குத் தளர்த்திப் பாருங்கள். அப்போதும் தாண்டினால் சங்கிலியை அளக்க வேண்டும்: 11, 12 கியர் சங்கிலி 0.5 விழுக்காடு நீண்டிருந்தால் மாற்றிவிடலாம். உதவி திடீரென்று நின்று பிழைக்குறி வந்தால், மோட்டரைக் கழற்றச் சொல்வதற்கு முன் பின்சக்கரத்தைப் பாருங்கள். ஆரக்கம்பியில் வேகத்தை உணர்த்தும் சிறு காந்தம் நகர்ந்திருக்கக்கூடும். அதை உணரிக்கு நேராகத் தள்ளி, திருகை இறுக்கினால் போதும்.