தாமதம், தாமசம், வைகல்: பிந்தி வருதலுக்கு மொழிகள் வைத்த பெயர்கள்

குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஊர்களில் ஒருவரை முதன்முறையாகச் சந்திக்கும் பெரியவர் "உங்களுக்கு எங்க தாமசம்?" என்று கேட்டால், வீடு எந்த ஊரில் என்று விசாரிக்கிறார் என்று பொருள். அதே பெரியவர், கல்யாண வீட்டுப் பந்தி பாதி முடிந்த பிறகு வந்து நிற்கும் பேரனைப் பார்த்து "ஏன் மக்களே இவ்வளவு தாமசம்?" என்றால், ஏன் பிந்தி வந்தாய் என்று கேட்கிறார். குடியிருப்புக்கும் பிந்தி வருதலுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தியது என்று அவர்களில் எவரும் நின்று யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. சொல்லின் வரலாற்றைத் தேடுபவருக்கோ அந்த இரண்டு கேள்விகளும் நல்ல தொடக்கம்.

தாமசமும், பொதுத் தமிழில் வழங்கும் தாமதமும் ஒரே வடசொல்லின் இரு வடிவங்கள். இருளைக் குறிக்கும் தமஸ் என்ற சொல்லிலிருந்து, இருளின் தன்மையுடையது என்ற பொருளில் தாமச என்ற சொல் பிறந்தது. தமிழில் அதன் சகரம் தகரமாயிற்று. மாசம் மாதம் ஆனதும் இதே வழியில்தான். சைவ சித்தாந்த நூல்கள் முக்குணங்களைச் சாத்துவிகம், இராசதம், தாமதம் என்று எழுதும்போது, இராசதத்தின் அருகில் தாமதம் நிற்பதைப் பார்த்தாலே பிறப்பு விளங்கிவிடும். காலம் தாழ்த்துதல் என்ற வழக்கை வைத்துத் தாமதத்தைத் தாழ் என்னும் தமிழ் வேரோடு சேர்க்கச் சிலருக்குத் தோன்றலாம். பொருள் நெருக்கம் இருந்தாலும் அந்த இணைப்பு நிற்காது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் இதை வடசொல் வழியாகவே காட்டுகிறது. ஆக, தாமதம் முதலில் ஒரு குணத்தின் பெயர். இருள், மந்தம், சோம்பல் என்று படிப்படியாக நகர்ந்து, பின்னரே அது நேரங்கடத்தலுக்கு வந்து சேர்ந்தது.

இவ்வாறு ஒரு குணக்குறையின் பெயரைக் காலக் கணக்குக்குக் கொடுத்தது தமிழ் மட்டும் அன்று. தெலுங்கில் பேருந்து பிந்தினாலும் ஆள் பிந்தினாலும் ஆலஸ்யம் என்கிறார்கள். அந்த வடசொல்லின் மூலப்பொருள் சோம்பல். சிங்களத்தில் பிரமாத என்பது பிந்துதல். அதன் மூலப்பொருள் கவனக்குறைவு, மறதி. (தமிழுக்கு வந்த பிரமாதமோ வேறு வழியில் போய், இன்று பாராட்டுச் சொல்லாக நிற்கிறது.) தமோ குணம் மனிதனை எவற்றால் கட்டுகிறது என்று சொல்லும் பகவத்கீதையின் 14ஆம் அத்தியாயம், 8ஆம் சுலோகம், பிரமாதம், ஆலஸ்யம், நித்திரை என்ற மூன்றையும் ஒரே தொடரில் அடுக்குகிறது. சிங்களம் முதலாவதையும் தெலுங்கு இரண்டாவதையும் எடுத்துக்கொள்ள, அம்மூன்றுக்கும் தலைவனாக நிற்கும் குணத்தின் பெயரையே தமிழ் எடுத்துக்கொண்டது.

இந்த இடத்தில் மடியின்மை அதிகாரத்தின் 605ஆம் குறளை அருகில் வைத்துப் படிக்க வேண்டும். "நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்." மறவி, மடி, துயில் என்ற மூன்றும் கீதை சொன்ன மூன்றோடு ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஆனால் வள்ளுவர் அவற்றுக்கு முன்னால் நெடுநீர் என்று நான்காவது ஒன்றையும் வைக்கிறார். விரைந்து செய்ய வேண்டியதை நீட்டிக்கொண்டே போகும் இயல்பு அது. மறதியும் சோம்பலும் உறக்கமும் இல்லாத ஒருவர்கூட ஒரு செயலை நீட்டிக்கொண்டே போகக் கூடும் என்பதை அந்தப் பகுப்பு காட்டுகிறது. பிந்துதலைச் சோம்பலோடு ஒன்றாக்காமல் தனியே பிரித்துப் பெயரிட்ட இந்த நுட்பம், பிற்காலத்தில் தாமதம் என்ற ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போடத் தொடங்கியபோது நமக்குக் குறைந்துபோயிற்று என்பது என் உறுதியான கருத்து. பாரசீகத்திலிருந்து இந்திக்கும் உருதுக்கும் வந்த தேர் என்ற சொல்லும் நெடுநேரம், பிந்திய நேரம் என்ற இரண்டையும் குறிக்கிறது. நீளத்தைச் சொல்கிறதே தவிர, குணத்தைக் குற்றம் சாட்டுவதில்லை.

இனித் தாமசத்துக்கு வருவோம். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தன. அதற்கு முன் நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தன. ஆட்சிமொழியாக மலையாளம் இருந்த அந்தக் காலத்தில் பத்திரங்களிலும் பேச்சிலும் ஊறிய சொற்களில் தாமசமும் ஒன்று. மலையாளத்தில் தாமசிக்குக என்றால் பிந்துதல் என்றும் பொருள், குடியிருத்தல் என்றும் பொருள். போகாமல் மந்தமாக நிற்பவர் அந்த இடத்திலேயே தங்கிவிடுகிறார். தங்கியவர் நாளடைவில் அங்கேயே குடியிருக்கிறார். இருளில் தொடங்கிய சொல் வீட்டு முகவரியில் வந்து முடிந்தது இப்படித்தான்.

இந்த மாற்றம் மலையாளத்துக்கு மட்டுமே உரிய விந்தை என்று எண்ணத் தோன்றும். ஆனால் இதற்குத் தொடர்பே இல்லாத ஐரோப்பிய மொழிகளும் இதே பாதையில் நடந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் குடியிருத்தலைக் குறிக்கும் ட்வெல் என்ற சொல், பழைய ஆங்கிலத்தில் வழி தவறச் செய்தல், தடுத்தல் என்ற பொருளில் இருந்தது. பிறகு பிந்துதல், தங்கி நிற்றல் என்று மாறி, கடைசியில் வசித்தல் ஆயிற்று. லத்தீனில் மோரா என்றால் காலந்தாழ்ச்சி. அதிலிருந்து பிறந்த பிரெஞ்சுச் சொல்லான தெமெரே இன்று வசித்தலையும் தங்கி நிற்றலையும் குறிக்கிறது. ஸ்பானியத்தில் மோரார் என்றால் வசித்தல், தெமோரார் என்றால் பிந்தச் செய்தல்; இரண்டும் ஒரே மூலத்தின் பிள்ளைகள். "எங்க தாமசம்?" என்ற மார்த்தாண்டத்துக் கேள்வியும் பாரிஸ் நகரத்துக் கேள்வியும் ஒரே பழைய எண்ணத்தின் மீது நிற்கின்றன.

தமிழிலும் இந்த எண்ணம் வெளியிலிருந்து வந்ததன்று. வைகு என்ற பழந்தமிழ் வினைக்குத் தங்குதல், இரவைக் கழித்தல், பொழுது புலர்தல் என்று பல பொருள்கள் உண்டு. "வருவிருந்து வைகலும் ஓம்புவான்" என்னும் 83ஆம் குறளில் வைகல் என்றால் நாள். இரவின் கடைசிப் பகுதிக்கு வைகறை என்று பெயர். சிறுபொழுதுகளில் அது மருதத்துக்கு உரியது. இதே வேர் மலையாளத்தில் வைகுக என்று பிந்துதலைக் குறிக்க நின்றது. வைகுந்நேரம் அங்கே மாலைப்பொழுது ஆயிற்று. குமரியின் மேற்குப் பகுதியில் "வைகிட்டு வாறேன்" என்று சொல்பவர், மாலையில் வருவதாகச் சொல்கிறார். நாகர்கோவிலில் "தாமதமாக வந்துகொண்டிருக்கிறது" என்று கேட்டுவிட்டுத் திருவனந்தபுரம் ரயிலில் ஏறுபவர், குழித்துறையைத் தாண்டிப் பாறசாலைக்குள் நுழைந்ததும் அதே ரயில் "வைகி ஓடுந்நு" என்று கேட்கிறார். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒலிப்பது வடமொழியின் இருள், அந்தப் பக்கம் ஒலிப்பது பழந்தமிழின் வைகல். நம் சொல்லை அவர்கள் காத்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் அது மிகை ஆகாது.

மாலையையும் பிந்துதலையும் ஒரே சொல்லால் பிணைக்கும் வழக்கமும் பரவலானது. ஸ்பானியத்தில் தார்தே என்றால் பிற்பகல், பிந்தி என்ற இரண்டும். இத்தாலியத்தில் மாலையைக் குறிக்கும் சேரா, பிந்திய என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சீன மொழியின் வான் என்ற சொல்லும் மாலையையும் பிந்திய நேரத்தையும் சேர்த்தே குறிக்கும். பகல் வெளிச்சத்தில் வேலையை முடித்தாக வேண்டிய மனிதர்களுக்குச் சூரியன் சாய்ந்தபின் வரும் பொழுது முழுவதும் பிந்திய பொழுதாகவே இருந்திருக்க வேண்டும்.

தொங்குதலிலிருந்து பிறந்த சொற்களும் உண்டு. வடமொழியின் விளம்பம், தொங்குதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்து காலந்தாழ்ச்சியைச் சுட்டுகிறது. இசையில் மெதுவான நடைக்கு விளம்ப காலம் என்று பெயர். அறுபது ஆண்டுகளில் ஒன்றான விளம்பியும் அதன் உறவே. தமிழில் இதற்கு இணை தூங்குதல். "தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை" என்ற 672ஆம் குறளைப் படிக்கும் மாணவர்கள் பலர், வள்ளுவர் உறங்கச் சொல்கிறாரோ என்று திகைப்பதுண்டு. தூங்கணாங்குருவிக் கூடு எப்படிக் கிளையில் தொங்குகிறதோ, அப்படி ஒரு வேலையை முடிவின்றித் தொங்கவிடுவதே இங்கே தூங்குதல். ஆற அமரச் செய்ய வேண்டியதை ஆறப்போட்டுச் செய். உடனே செய்ய வேண்டியதைத் தொங்கவிடாதே என்பது பொருள். குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. வீட்டில் அவர்கள் உறக்கம் என்றே சொல்லி வளர்கிறார்கள். மலையாளத்திலும் தூங்ஙுக என்றால் தொங்குதல்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். கன்னடத்தின் தட என்ற சொல் தமிழின் தடு, தடை ஆகியவற்றின் இனம்; வந்தவரைக் குற்றம் சொல்லாமல் வழியில் நின்ற தடையைச் சொல்கிறது. ஆங்கிலத்தின் லேட் முதலில் மந்தமானது என்று பொருள்பட்டது; ஜப்பானியத்தின் ஒசோய் இன்றும் மெதுவையும் பிந்துதலையும் சேர்த்தே சொல்கிறது. வளைகுடாவில் வேலை செய்து திரும்பிய நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான அரபுச் சொல்லான தஃகீர், கடைசி, பின் என்னும் கருத்துடைய வேரிலிருந்து வந்தது. பின் என்பதிலிருந்து நாம் பிந்து என்ற வினையை உண்டாக்கிக்கொண்டதும் அதே நோக்கில்தான்.

பேச்சில் இவை எதுவும் இல்லாமலே நாம் காரியத்தை முடிப்பதும் உண்டு. "எனக்கு நேரமாயிட்டு, நான் வாறேன்" என்று ஒருவர் எழுந்தால், அதில் பிந்துதலுக்கு உரிய சொல்லே இல்லை. நேரம் ஆகிவிட்டது, அவ்வளவே. ஆங்கிலத்தில் நான் என்பது எழுவாயாக நின்று பழியை ஏற்கிறது. தமிழில் நேரம் எழுவாயாகிறது, ஆள் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். இந்தியும் தேர் ஆகிவிட்டது என்று இவ்வாறே சொல்கிறது. இதன் மறுபக்கமாக, முன்கூட்டியே வரச் சொல்ல "நேரத்தே வா" என்பதும் "வெள்ளன வா" என்பதும் நம் வழக்கு. விடியல் வெளிச்சம் வெள்ளனவில் இன்னும் இருக்கிறது.

அப்படியானால் தாமதத்துக்கு ஏற்ற தமிழ்ச்சொல் எது? ஒன்றைத் தேர்ந்து எல்லா இடத்திலும் நிரப்புவது மீண்டும் பழைய இழப்பையே கொண்டுவரும். ஆளோ வண்டியோ குறித்த நேரத்துக்குப் பின் வந்தால் பிந்துதல் என்பதே நேரான சொல். "ரயில் அரை மணி பிந்தி வருகிறது" என்பதில் குறை எதுவும் இல்லை. முடிவெடுத்த பிறகும் செயலைத் தொடங்காதிருந்தால் அது காலந்தாழ்த்துதல். "துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது" என்று 671ஆம் குறள் அதற்குச் சான்று தருகிறது. தொடங்கிய வேலை சோர்ந்து நின்றால் சுணக்கம்; இங்கே செய்தித்தாள்களில் மட்டும் மிஞ்சிய இந்தச் சொல், ஈழத்தமிழர் பேச்சில் "சுணங்கிப் போச்சு" என்று அன்றாடம் புழங்குகிறது. வேண்டுமென்றே செய்வது இழுத்தடித்தல். தாமதத்தை நாட்டை விட்டுத் துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நெடுங்காலம் நம்மோடு இருந்த சொல் அது. ஆனால் அலுவலகக் கடிதங்களில் வரும் காலதாமதத்தை விட்டுவிடலாம். தாழ்ச்சி என்று மட்டும் எழுதினால் கீழ்நிலை என்று பொருள் மயங்கும், ஆகவே காலத்தாழ்ச்சிக்குக் காலம் என்ற அடை தேவை; தாமதத்துக்கு அந்த மயக்கம் இன்று இல்லை.

கல்யாண அழைப்பிதழ்களில் தாத்தாவின் பெயருக்கு முன் லேட் என்று அச்சடிப்பதையும் நிறுத்தலாம். காலஞ்சென்ற என்ற நம் சொல் அங்கே எவ்வளவு மரியாதையாக நிற்கிறது! அதைவிட முக்கியமானது நீதிமன்ற மனு. குறித்த கெடுவுக்குள் மேல்முறையீடு செய்ய இயலாதவர், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ், போதிய காரணம் காட்டிப் பொறுத்தருளக் கேட்கலாம். உடல்நலக் குறைவோ, ஆவணம் கிடைக்காமையோ அவர் தரப்புக் காரணமாக இருக்கும். சோம்பலும் அசட்டையும் தன்னிடம் இல்லை என்று நிறுவுவதற்காகவே எழுதப்படும் அந்த மனுவின் தலைப்பில் தாமதத்தை மன்னிக்கக் கோருவதைவிட, காலங்கடந்தமையைப் பொறுத்தருளக் கோரும் மனு என்று எழுதுவதே பொருத்தம்.