ஃபுல் ஹேண்ட், முழுக்கை, சொக்கா: தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு சொல் விளக்கம்

போன கோடையில் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி ஒருவர் "அண்ணா, ஃபுல் ஹேண்ட் ஃபிஷிங் ஷர்ட் வாங்கணும், விலை கம்மியா, போட்டா எரிச்சல் இல்லாம இருக்கணும், எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். அவர் போட்டிருந்தது அரைக்கை டீசர்ட். காலை ஆறரைக்கு வந்தவர், பதினொரு மணிக்குள் இரண்டு கையும் சிவந்து, தொட்டால் சுடுகிற மாதிரி ஆகிவிட்டது. சட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தபோது இன்னொன்றும் கேட்டார்: "ஃபுல் ஹேண்டுக்குத் தமிழ்ல என்ன?" அன்றைக்குப் பாதி பதில்தான் சொன்னேன், தக்கை அமுங்கிவிட்டது, ஒரு நல்ல கெண்டை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த "ஃபுல் ஹேண்ட்". இது ஆங்கிலம் போலத் தெரிந்தாலும் ஆங்கிலேயர் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். சட்டையின் கைப்பகுதிக்கு அவர்கள் மொழியில் ஸ்லீவ் என்று தனிச்சொல் இருக்கிறது. ஹேண்ட் என்றால் மணிக்கட்டுக்குக் கீழே உள்ளது மட்டும். தமிழில் அப்படி இல்லை. நமக்குத் தோளிலிருந்து விரல்நுனி வரைக்கும் கைதான். கை நீட்டு என்றாலும் கை, கை ஒடிந்துவிட்டது என்றாலும் கை, யானைக்குத் துதிக்கையும் கை. அந்தக் கையை மூடுகிற துணிக்கும் அதே பெயரை வைத்துவிட்டோம்: சட்டைக் கை, கை வைத்த பனியன், கையில்லாத பனியன். (ரவிக்கையில் வருகிற "கை" மட்டும் இந்தக் கை இல்லை. அது தெலுங்கு ரவிக்கெ, ரவிக வழியாக வந்த சொல், கைக்கும் அதற்கும் உறவு கிடையாது.) ஆகவே முழுக்கை என்று தமிழில் நினைத்து, அதை ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் மாற்றியதுதான் ஃபுல் ஹேண்ட். உடம்பு தமிழ், மேலே போட்டிருக்கும் சட்டை மட்டும் இங்கிலீஷ். அதனால் "ஃபுல் ஹேண்டுக்குச் சரியான தமிழ் என்ன" என்று தேடி அலையவே வேண்டாம், ஏற்கெனவே வாயில் இருந்த சொல்லை எடுத்துக்கொண்டால் போதும்: முழுக்கைச் சட்டை. பாதிக்கு அரைக்கைச் சட்டை.

எழுதும்போது ஒற்று இரண்டு இடத்தில் வரும். முழு என்பதற்குப் பின் வல்லினம் மிகும், முழுப்பக்கம், முழுத்தொகை என்பது போல முழுக்கை. அப்புறம் "முழுக்கையை உடைய சட்டை" என்பது சுருங்கி நிற்பதால் அங்கேயும் மிகும், முழுக்கைச் சட்டை. கடைப் பலகைகளில் "முழுகை சட்டை" என்று பார்க்கிறேன். அதைப் படிக்கும்போது கையை ஏதோ தண்ணீரில் முழுகச் சொல்கிற மாதிரி இருக்கிறது, ஒரு க் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

இன்னொரு குழப்பத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது காசை வீணாக்கும் குழப்பம். சிலர் "முழங்கைச் சட்டை" என்று எழுதுகிறார்கள். முழங்கை வேறு, முழுக்கை வேறு. முழங்கை என்பது முழம் சேர்ந்த சொல். பூக்காரம்மா மல்லிகையை அளக்கிறாரே, விரல்நுனியிலிருந்து கை மடங்குகிற இடம் வரைக்கும், அந்த அளவுதான் முழம். அந்த மடங்கும் இடம் முழங்கை. ஆக முழங்கைச் சட்டை என்று கேட்டால் முழங்கை வரைக்கும் வருகிற சட்டை என்றுதான் பொருள் படும், அது வெயிலுக்குப் பாதிதான் உதவும். ஆன்லைனில் துணி வாங்கும்போது இந்த இரண்டு சொல்லையும் பார்த்துப் படியுங்கள். ஒருமுறை அவசரத்தில் முழங்கை என்று இருந்ததை முழுக்கை என்று படித்து வாங்கிவிட்டேன், திருப்பி அனுப்பவும் முடியவில்லை.

சரி, சட்டை என்ற சொல்லுக்கு வருவோம். சட்டை என்றால் உடுப்பு மட்டும் இல்லை, பாம்பு உரித்துப் போடுகிற தோலுக்கும் சட்டை என்றுதான் பெயர். ஏரிக்கரைப் புதரில் கிடக்கிற அந்த மெல்லிய வெள்ளைத் தோலைப் பார்த்தால் "பாம்பு சட்டை உரிச்சிருக்கு, பார்த்து நட" என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். இதே இரட்டைப் பொருள் கஞ்சுகம் என்ற வடசொல்லுக்கும் உண்டு, அதுவும் சட்டை, அதுவும் பாம்புத் தோல். உடம்பின் மேல் இன்னொரு தோல் என்ற எண்ணம் இரண்டு மொழியிலும் இருந்திருக்கிறது. சட்டை என்ற சொல்லைவிடப் பழைய, எனக்கு மிகவும் பிடித்த சொல் மெய்ப்பை. மெய் என்றால் உடம்பு, உடம்பைப் போட்டுக்கொள்கிற பை. முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கிற யவனர்களைச் சொல்லும்போது "மெய்ப்பை புக்க" என்று வருகிறது. சட்டைக்குள் புகுந்தவர்கள்! நம் ஊர் வெயிலுக்கு அன்றைக்கு மேலே துண்டு போதும், தைத்த சட்டைக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு நின்ற வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பதற்குப் புதுமையாக இருந்திருப்பார்கள். குப்பாயம் என்றும் ஒரு சொல் இருந்தது, சீவக சிந்தாமணியில் இருக்கிறது. நமக்கு மறந்துவிட்டது, மலையாளத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி நம்ம பக்கத்துச் சொல். பழைய வடாற்காடு மாவட்டத்தில், அதாவது வேலூர்ப் பக்கம், வளர்ந்தவர்களுக்குச் சட்டை என்பது பள்ளிக்கூடத்துச் சொல், வீட்டில் அது சொக்கா. "சொக்காவ மாட்டிக்கினு போடா, வெயில் எரிக்குது" என்று என் பாட்டி சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. தெலுங்கிலும் சொக்கா உண்டு. எல்லையில் இருக்கிற ஊர்கள்தானே நம்முடையவை. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும் வரைக்கும் அதுவும் வடாற்காட்டோடுதான் இருந்தது. இந்தச் சொல்லைத் துருக்கி மொழியிலிருந்து உருதுவுக்கு வந்த சோகா என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவார்கள். சோகா என்பது தொளதொளவென்று இருக்கிற, கை நீண்ட ஒரு மேலங்கி. ஆற்காடு நவாபு ஆண்ட மண், உருது பேசுகிற தெருக்கள் வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இன்றைக்கும் இருக்கின்றன, அந்தச் சொல் இங்கே வந்து தங்கியதில் ஆச்சரியம் இல்லை. இந்தத் தொடர்பை வைத்துப் பார்த்தால் சொக்கா என்ற சொல்லுக்குள்ளேயே நீளக்கை இருக்கிறது. பாட்டி வெயிலுக்குச் சொக்கா போடச் சொன்னது சொல்லின் பிறப்புக்கும் பொருந்திவிட்டது.

(உடுப்பு என்றால் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை வேலூர் கோட்டைக்குப் போய் வர வேண்டும். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் அங்கே ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்ததற்குப் புதுத் தலைப்பாகையும், தாடிக்கும் நெற்றிக் குறிக்கும் போட்ட தடையும் பெரிய காரணம்.)

ஷர்ட் கதை நீளக்கைச் சொக்காவுக்கு நேர் எதிர். பழைய ஆங்கிலத்தில் அதன் வேர் குட்டையான உடுப்பு என்ற பொருளில் இருந்தது. ஷார்ட் என்கிறோமே, அந்தச் சொல்லும், பாவாடையைக் குறிக்கிற ஸ்கர்ட்டும், ஷர்ட்டும் ஒரே குடும்பம். பொத்தான் மட்டும் போர்த்துக்கீசியம். பனியன் என்பது வணிகரைக் குறித்த பனியா என்ற சொல்லின் வழியில் உடுப்புக்குப் பெயரானது. ஆக நாம் மாட்டுகிற சட்டையில் எத்தனை ஊர் இருக்கிறது பாருங்கள்.

இப்போது அந்தத் தம்பி கேட்ட "ஃபிஷிங் ஷர்ட்". மீன்பிடிச் சட்டை என்று மொழிபெயர்க்கலாம், தவறில்லை, ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு வலையும் படகும்தான் கண்ணில் வருகின்றன. கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவருக்குத் தூண்டில் சட்டை என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். வெளிநாட்டில் இதற்கென்றே தைத்து விற்கிறார்கள்: மெல்லிய நைலான் அல்லது பாலியெஸ்டர், முழுக்கை, முதுகில் துணி மடிப்புக்கு அடியில் காற்று போக ஒரு திறப்பு, மார்பில் இரண்டு பெரிய பை, கையைச் சுருட்டி மேலே மாட்டிக்கொள்ள உள்ளே ஒரு சின்னப் பட்டியும் பொத்தானும். வசதிதான். ஆனால் இங்கே ஆன்லைனில் அதன் விலையைப் பார்த்தால் இரண்டு தூண்டில் கோல் வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது.

அந்தப் பெயருக்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை, அந்தச் சட்டை என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் போதும். முதல் வேலை வெயிலைத் தடுப்பது. துணி எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு யூபிஎஃப் என்று ஓர் எண் போடுவார்கள். 50 என்றால் புறஊதாக் கதிரில் 50இல் ஒரு பங்குதான், அதாவது 2 சதவீதம்தான், உள்ளே போகும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டீசர்ட்டுக்கு இந்த எண் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும், நனைந்தால் இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த துணியும் கொஞ்சம் அடர்ந்த நிறமும் அதிகம் தடுக்கும். எண் போடாத துணியைக் கடையிலேயே விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், கை விரல் தெளிவாகத் தெரிந்தால் வேண்டாம். கறுப்பு சூடேறும், அதனால் நான் எடுப்பது இளநீலம் அல்லது மங்கிய பச்சை.

பருத்தியா பாலியெஸ்டரா என்று கேட்டால் நம் ஊருக்கு என் பதில் பருத்தி, அல்லது பருத்தி கூடுதலாகக் கலந்தது. கடற்கரையில் காற்றில் ஈரம் அதிகம், அங்கே பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் உடம்போடு ஒட்டும், சீக்கிரம் காய்கிற பாலியெஸ்டர்தான் அங்கே சுகம். வேலூர்ப் பக்கம் மலையும் பாறையும் சூழ்ந்த வறண்ட வெயில், மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். இந்தக் காற்றில் ஈரப் பருத்தி காயக் காய உடம்பைக் குளிர வைக்கும். பாலியெஸ்டருக்கு இன்னொரு குறையும் உண்டு, வியர்வை நாற்றமும் மீன் வாடையும் அதில் பிடித்தால் ஒரு துவைப்பில் போகாது. ஆனால் மோர்தானா அணைப்பக்கம் போகிறவர்கள், சீமைக்கருவேலம் மண்டிய ஏரிக்கரைகளில் நடக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தொளதொள நெசவில் முள் மாட்டினால் துணி இழுத்துக்கொண்டு வந்துவிடும், கருவேல முள்ளும் சரி, தூண்டில் முள்ளும் சரி. நெருக்கமான பாப்ளின் நல்லது.

அளவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆபீஸ் சட்டை மாதிரி உடம்போடு பிடித்து எடுத்தால் தூண்டிலை வீசும்போது அக்குளில் இழுக்கும், கைப்பட்டி மணிக்கட்டிலிருந்து நாலு விரல் மேலே ஏறிவிடும், ஏறிய அந்த இடம் மட்டும் சாயங்காலம் எரியும். மெய்ப்பை என்ற சொல்லை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள், பை மாதிரி இருக்க வேண்டும். ஒரு அளவு, தேவைப்பட்டால் இரண்டு அளவு பெரிதாக எடுங்கள். போட்டுப் பார்க்கும்போது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்காமல், தூண்டில் வீசுகிற மாதிரி கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் முன்னால் நீட்டுங்கள். அப்போதும் பட்டி மணிக்கட்டு எலும்பை மூடியிருந்தால் அதுதான் உண்மையான முழுக்கை. காலர் இருப்பதும் முக்கியம், தூக்கிவிட்டால் பிடரி தப்பிக்கும். சாயங்காலம் கொசு வரும் நேரத்தில் பொத்தானைப் போட்டுவிட்டால் கைக்கும் பாதுகாப்பு.

குறைந்த செலவு என்றால் முதலில் பீரோவைத் திறந்து பாருங்கள். காலர் தேய்ந்து வேலைக்குப் போட முடியாமல் வைத்திருக்கிற பழைய பருத்தி முழுக்கைச் சட்டை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், தூண்டிலுக்கு அதைவிட நல்ல சட்டை கிடையாது, இழை விட்டுப் போகாமல் இருந்தால் சரி. அது இல்லையென்றால் சட்டை பிட் வாங்கித் தைப்பது. அகலம் கூடிய துணியில் 1.6 மீட்டர், 36 அங்குல அகலத் துணியில் இரண்டே கால் மீட்டர் முழுக்கைக்கு வழக்கமாக எடுப்பார்கள், நாம் தொளதொளவென்று கேட்பதால் கொஞ்சம் சேர்த்தே எடுங்கள். டைலரிடம் "கை ஒரு இன்ச் நீளமா, அக்குள் லூசா, ரெண்டு பக்கமும் மூடி வைச்ச பாக்கெட்" என்று சொன்னால் போதும். மூடி இல்லாவிட்டால் குனிந்து மீனை எடுக்கும்போது செல்போன் ஏரிக்குள் போய்விடும்.

அந்தத் தம்பியை மறுபடி ஆடி மாதத்தில் அதே கரையில் பார்த்தேன். அவர் அப்பாவுடைய பழைய கட்டம்போட்ட சட்டை, பட்டி மணிக்கட்டைத் தாண்டிப் பாதி உள்ளங்கை வரைக்கும் வந்திருந்தது. "சொக்கா எப்படிண்ணா?" என்று கேட்டார்.